தரையோடு ஓடும் ஆவி

ஃபைபர் கிளாஸ் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஸ்டோரில் ஒரு பெட்டி நிறைய நீல நிற நைட்ரைல் கையுறை கொடுத்தார்கள். மெல்லிசு, கைக்குக் கச்சிதம். ரெசின் என்ற பிசின் அப்பிய ரோலரை, அதைக் கரைக்கும் அசிட்டோன் திரவ வாளியில் முக்கி அலசும்போது, கையுறை இருக்கிறதே என்ற தைரியத்தில் மணிக்கட்டு வரை உள்ளே விட்டேன். நான்காவது ரோலரை எடுக்கையில் விரல் நுனியில் ஜில்லென்றது. கையுறையைப் பார்த்தால் விரல்கள் உப்பி, பழைய பலூன் மாதிரி சுருங்கித் தொங்கின. கழற்றப் போனபோது கட்டைவிரல் பகுதி சத்தமே இல்லாமல் பிய்ந்து வந்தது.

பக்கத்தில் நின்ற, ரெசின் பூசி இழை அடுக்கும் மூத்த லேமினேட்டர் சிரித்தார். "அது எண்ணெய்க்குப் போடுற கிளவுஸ்மா. இதுக்குத் தாங்காது. அதைப் போடுறதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான்." அவர் கையில் எதுவுமே இல்லை. விரல் இடுக்கெல்லாம் வெளுத்து, தோல் வெடித்திருந்தது.

அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. மெல்லிய நைட்ரைலை அசிட்டோன் ஒரு நிமிடம் ஆவதற்குள்ளேயே ஊடுருவிவிடும். லேட்டக்ஸும் பெரிய பாதுகாப்பு இல்லை. இந்தத் திரவத்தை மணிக்கணக்கில் தாக்குப்பிடிப்பது பியூட்டைல் ரப்பர் கையுறை. தடிமனாக இருக்கும், விலை கூடுதல், நுணுக்கமான வேலைக்குக் கை ஒத்துழைக்காது. அதனால்தான் பெரும்பாலான இடங்களில் நைட்ரைலே பெட்டி பெட்டியாக இறங்குகிறது. மேலே தெறித்தால் உடனே கழற்றி எறிவதற்கு நைட்ரைல் போதும். வாளிக்குள் கை விடுவதற்கு ஆகாது. இந்த ஒரு வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பிய்ந்த கட்டைவிரல்தான் சொல்லிக் கொடுத்தது.

பத்து வருஷத்துக்கு மேல் அசிட்டோன் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். இதைப் பற்றி மக்கள் என்னிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இது விஷமா? புற்றுநோய் வருமா?" நெயில் பாலிஷ் ரிமூவரை முகர்ந்த பயத்தில் கேட்பவர்களும் உண்டு. இது தப்பான இடத்தில் வைத்த பயம் என்பது என் எண்ணம். கரைப்பான்களில் அசிட்டோன் சாது. புற்றுநோய் வரவழைக்கும் பென்சீனோடு ஒப்பிட்டால் பச்சைக் குழந்தை. நம் உடம்பே தினமும் கொஞ்சம் அசிட்டோனைத் தயாரிக்கிறது. கொழுப்பை எரிக்கும்போது கல்லீரலில் உண்டாகும் கீட்டோன் பொருட்களில் இதுவும் ஒன்று. நெடுநேரம் பட்டினி கிடந்தவரின் மூச்சிலும், சர்க்கரை கட்டுக்கடங்காமல் கீட்டோன் ஏறிய நோயாளியின் மூச்சிலும் வருகிற அந்தப் பழ வாசனை இதுதான்.

அதற்காக ஆவியை நாள் முழுக்க இழுக்கலாம் என்று அர்த்தமில்லை. அதிகமாக முகர்ந்தால் தலை கிறுகிறுக்கும், தொண்டை எரியும், கண்ணில் தெறித்தால் துடித்துப் போவோம். எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் பத்து லட்சத்தில் 250 பங்கு வரை இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சுகாதார வல்லுநர்களின் பரிந்துரை. அங்கே சட்டம் அனுமதிக்கும் உச்சம் 1000 பங்கு. ஆனால் "உயிருக்கு உடனடி ஆபத்து" என்று வைத்திருக்கும் அளவைப் பாருங்கள்: 2500 பங்கு. இது எப்படி வந்தது தெரியுமா? நஞ்சுக் கணக்கில் வந்ததல்ல. அசிட்டோன் ஆவி காற்றில் நூற்றுக்கு 2.5 பங்கு, அதாவது பத்து லட்சத்தில் 25,000 பங்கு சேர்ந்தால் தீப்பற்றும். அதில் பத்தில் ஒன்றை எடுத்து எல்லையாக வைத்திருக்கிறார்கள். மூச்சுத் திணறுவதற்கு முன்பே நெருப்பை நினைத்துப் பயந்து போட்ட கோடு அது.

அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதை நான் நேரில் பார்த்தேன்.

இரவு ஷிஃப்ட் முடிகிற நேரம். பிரஷ் அலசும் பிளாஸ்டிக் வாளியை யாரோ கால் தட்டிவிட்டார்கள். நான்கைந்து லிட்டர் தரையில். உதவிக்கு இருந்த பையன் வழக்கமாகத் தண்ணீர் சிந்தினால் செய்வதைச் செய்தான்: துடைப்பத்தை எடுத்துச் சாக்கடைக் குழி பக்கம் தள்ளினான். சிந்தியதை இப்படிப் பரப்பினால் ஆவியாகும் பரப்பு பல மடங்காகும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்களுக்கும் அப்போது அவசரமாகத் தோன்றவில்லை. அரை நிமிடத்தில் காய்ந்துவிடுமே, அதுதானே அசிட்டோனின் பெருமை.

ஏழெட்டு மீட்டர் தள்ளி, அச்சான மோல்டைச் சூடாக்கும் காற்றூதி தரையில் கிடந்தது. அதன் உள்ளே கம்பிச்சுருள் சிவந்திருந்தது. 'புஃப்' என்று ஒரு மெல்லிய சத்தம். சத்தம் வந்த பக்கம் திரும்புவதற்குள் தரையோடு ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு சுடர், காற்றூதியிலிருந்து கிளம்பி வாளி கிடந்த இடத்துக்கு ஓடி வந்தது. திரவம் இருந்த இடத்திலிருந்து தீ கிளம்பவில்லை என்பதுதான் எங்களை உறைய வைத்தது. பையனின் கணுக்கால் முடி கருகியது, பேண்ட் ஓரம் பொசுங்கியது. உலர்தூள் அணைப்பானோடு ஓடிவந்தவர் அரை நிமிடத்தில் அடக்கினார். யாருக்கும் பெரிய காயமில்லை. மறுநாள் பதிவேட்டில் "சிறு தீ" என்று எழுதி மூடிவிட்டார்கள்.

அன்று ராத்திரி நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் அசிட்டோன் 790 கிராம். அது முழுக்க ஆவியானால் கிட்டத்தட்ட 330 லிட்டர் ஆவி. நூற்றுக்கு 2.5 என்ற எல்லைக்குக் காற்றைக் கொண்டுவர, இந்த ஒரு லிட்டர் ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்றுக்குப் போதும். ஒரு சின்ன ஸ்டோர் ரூம் அவ்வளவுதான் இருக்கும். அதுவும் ஆவி அறை முழுக்கச் சீராகக் கலந்தால். அது அப்படிக் கலப்பதில்லை. அசிட்டோன் ஆவி காற்றைவிட இரண்டு மடங்கு கனம். மேலே எழும்பாமல், கொட்டிய தண்ணீர் போலத் தரையோடு நகரும், பள்ளம் தேடும், கதவுக்குக் கீழே நுழையும், சாக்கடைக் குழியில் தேங்கும். நம் மூக்கு இருக்கும் உயரத்தில் வாசனை லேசாக இருக்க, கணுக்கால் உயரத்தில் நெருப்புக்குத் தயாராக ஒரு குளம் கிடக்கும்.

தீப்பற்றும் வெப்பநிலை பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. அசிட்டோன் தானாகப் பற்றிக்கொள்ள 465 டிகிரி செல்சியஸ் வேண்டும். தாளில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு "அவ்வளவு சூடு எங்கே இருக்கு" என்று சொன்ன பொறியாளரை எனக்குத் தெரியும். ஆனால் பொறி பட்டால் பற்றுவதற்கு −20 டிகிரி போதும். அதாவது ஃபிரீஸரில் வைத்த அசிட்டோன்கூட, மேலே ஒரு தீக்குச்சியைக் காட்டினால் பற்றும் அளவுக்கு ஆவி விட்டுக்கொண்டுதான் இருக்கும். கொதிநிலை வெறும் 56 டிகிரி.

இன்னொன்று, பலருக்கு நம்பக் கடினமாக இருக்கும்: நிறைந்த கேனைவிடக் காலி கேன் ஆபத்து. 20 டிகிரியில் மூடிய கேனுக்குள் ஆவி நூற்றுக்கு 24 பங்கு வரை சேர்ந்து நிற்கும். 13-ஐத் தாண்டினால் காற்று போதாமல் அது எரியாது. ஆக, நிறைந்த கேனின் வயிற்றுக்குள் நெருப்புக்கு இடமில்லை. கேனைக் கவிழ்த்து காலி செய்து மூடியைத் திறந்து வைத்தால், காற்று உள்ளே போகப் போக 13-க்கும் 2.5-க்கும் நடுவில் வந்து நிற்கும். அடியில் தங்கிய ஒரு கரண்டி திரவம் போதும். காலி டிரம்தானே என்று அதை வெல்டிங் வைத்து வெட்ட உட்காருபவர்கள் இந்தக் கணக்கைத் தெரியாதவர்கள். தெரிந்தவர்கள் முதலில் தண்ணீர் நிரப்பிக் கொட்டிக் கழுவுவார்கள், அல்லது அந்த டிரம்மைத் தொடவே மாட்டார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்தத் திரவத்தை நான் ரசிக்கிறேன் என்றும் சொல்லியாக வேண்டும். இதன் மூலக்கூறு சின்னது. நடுவில் ஒரு கார்பனும் ஆக்ஸிஜனும் இரட்டைப் பிணைப்பில், இரு பக்கமும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில். ஆக்ஸிஜன் பக்கம் தண்ணீரோடு உறவாடும், மெத்தில் பக்கம் எண்ணெயோடும் பிசினோடும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இரண்டு கட்சியிலும் இடம் கிடைக்கிறது. தண்ணீரில் எந்த விகிதத்திலும் கலக்கும், கிரீஸையும் கரைக்கும். கண்ணாடிக் குடுவையைத் தண்ணீரில் கழுவி ஒரு சொட்டு அசிட்டோன் விட்டு அலசினால் ஈரம் அதோடு போய்விடும், அடுத்த நிமிடம் காய்ந்த குடுவை. தெர்மாகோல் துண்டை இதில் போட்டால் நுரைத்துக் குறுகிக் கடைசியில் அடியில் ஒரு பசைக் கட்டியாய் ஒட்டிக்கிடக்கும். பெரும்பகுதி காற்றுதான் என்பது அப்போது புரியும். ஆனால் பாலிஎத்திலீன் டப்பாவிலும் பாலிபுரோப்பிலீனிலும் பத்திரமாக நிற்கும். அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் தாங்காது. முகக் கவசத்தை அசிட்டோன் துணியால் துடைத்துவிட்டு, அதில் கோடு கோடாய் விரிசல் ஓடியதைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள் எங்கள் பட்டறையிலேயே மூன்று பேர்.

வேடிக்கை என்னவென்றால் அந்த இரண்டு பிளாஸ்டிக்குகளுமே அசிட்டோனின் வழி வந்தவை. அக்ரிலிக்குக்கான மெத்தில் மெத்தாக்ரிலேட்டைப் பெருமளவு அசிட்டோனிலிருந்துதான் செய்துவந்தார்கள். பாலிகார்பனேட்டுக்கு வேண்டிய பிஸ்பீனால்-ஏ, ஃபீனால் என்ற வேதிப்பொருளின் இரண்டு மூலக்கூறும் அசிட்டோனின் ஒரு மூலக்கூறும் சேர்ந்தது. பெற்ற பிள்ளையையே விழுங்கும் பாம்பு மாதிரி.

இன்று உலகில் அசிட்டோனின் பெரும்பங்கு ஃபீனாலின் கூடப் பிறந்தது. பென்சீனையும் புரோப்பிலீனையும் சேர்த்து க்யூமீன், க்யூமீனைக் காற்றால் ஆக்ஸிஜனேற்றி உடைத்தால் ஒரு கையில் ஃபீனால், இன்னொரு கையில் அசிட்டோன். ஒரு டன் ஃபீனாலுக்குச் சுமார் 0.6 டன் அசிட்டோன் தானாக வந்துவிடும். அதனால் இதன் விலை இதன் தேவையை மட்டும் பார்த்து ஏறி இறங்குவதில்லை. ஃபீனாலுக்குக் கிராக்கி இருந்தால் அசிட்டோன் தேங்கும், ஃபீனால் ஆலை நின்றால் இங்கே வாளி காயும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் கதை வேறு. முதல் உலகப் போரில் பிரிட்டன் கப்பற்படைக்கு வேண்டிய கார்டைட் வெடிமருந்தைப் பிசைய அசிட்டோன் வேண்டும். மரத்தைக் காற்றில்லாமல் சுட்டு, கிடைத்த கால்சியம் அசிட்டேட்டை மறுபடி சூடாக்கித்தான் அதுவரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். போர்க்காலத்துக்கு அது எந்த மூலைக்கு? மான்செஸ்டரில் இருந்த வேதியியலாளர் கயீம் வைஸ்மன், மாவுச்சத்தைத் தின்று அசிட்டோனும் பியூட்டனாலும் கக்கும் ஒரு பாக்டீரியாவைப் பிடித்தார். மக்காச்சோளத்தைப் போட்டுப் பெரிய தொட்டிகளில் புளிக்க வைத்தார்கள். 1917-இல் ஜெர்மன் நீர்மூழ்கிகளால் தானியக் கப்பல்கள் வருவது குறைந்ததும், சோளத்துக்குப் பதிலாகப் போட, பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்தின் கொட்டைகளைப் பொறுக்கச் சொன்னார்கள். எதற்கென்று சொல்லவில்லை. குவிந்ததை ஏற்றிப் போக வண்டி இல்லாமல் ரயில் நிலையங்களில் அழுகியது ஒரு பகுதி, தொழிற்சாலைக்குப் போனதிலும் எதிர்பார்த்த விளைச்சல் இல்லை. அந்த வைஸ்மன்தான் பின்னாளில், 1949-இல், இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார். ஒரு கரைப்பானில் ஆரம்பித்த பயணம் அங்கே போய் நின்றது எனக்கு இன்னும் வியப்புதான்.

வெல்டிங் கடையில் நிற்கும் அசிட்டிலீன் சிலிண்டருக்குள்ளும் அசிட்டோன்தான் இருக்கிறது என்பதைப் பல வெல்டர்களே அறிவதில்லை. அசிட்டிலீனை மட்டும் அழுத்தி அடைத்தால் காற்றே இல்லாமல் தானாகச் சிதறிவிடும் வாயு அது. ஆனால் அசிட்டோன் தன் பருமனைப் போல 25 மடங்கு அசிட்டிலீனைச் சாதாரண அழுத்தத்திலேயே உறிஞ்சும், 12 மடங்கு அழுத்தத்தில் 300 மடங்கு. சிலிண்டர் முழுக்க ஒரு நுண்துளைப் பொருளை நிரப்பி, அதில் அசிட்டோனை ஊற வைத்து, அதற்குள் வாயுவை ஏற்றினார்கள். அந்த நிரப்பியைச் சீர்செய்தவர் ஸ்வீடனின் குஸ்தாவ் டாலென். கலங்கரை விளக்கங்களின் வாயுவைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஒழுங்கிக்காக 1912-இல் அவருக்கு நோபல் பரிசு. அதே வருஷம் ஒரு அசிட்டிலீன் விபத்தில் இரு கண்ணும் போயிற்று. சிலிண்டரைப் படுக்க வைத்தோ, மிக வேகமாக வாயு இழுத்தோ ஓட்டினால் அசிட்டோனும் கூடவே வந்து சுடர் நிறம் மாறித் துப்பும். அதனால்தான் படுக்க வைத்துக் கொண்டுவந்த சிலிண்டரை நிமிர்த்தி, உள்ளே அசிட்டோன் அடங்கும் வரை காத்திருந்துதான் திறக்கச் சொல்வார்கள்.

சரி, பட்டறைக்கு வருவோம். அசிட்டோனால் துடைத்தால் சுத்தம் என்பது பாதி உண்மை. அழுக்கு வாளியில் முக்கிய துணியால் மோல்டைத் துடைத்தால், கரைந்த ரெசினைத்தான் மெல்லிய படலமாகப் பூசிவிட்டுப் போவோம். அசிட்டோன் பறந்துவிடும், ரெசின் தங்கிவிடும். அதன்மேல் ஒட்டும் எதுவும் ஒரு மாதத்தில் தோல் உரிவது போல் உரியும். சரியான வழி இரண்டு துணி: ஒன்றால் நனைத்துத் துடை, காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் அழுக்கைத் தூக்கிவிடு. காற்றில் ஈரம் அதிகமான நாளில் இன்னொரு தொல்லை. அசிட்டோன் ஆவியாகும்போது பரப்பிலிருந்து சூட்டைத் திருடிக்கொண்டு போகும், குளிர்ந்த இடத்தில் பனி மாதிரி ஈரம் படியும். கண்ணுக்குத் தெரியாது. ஒட்டு விட்டுப்போன ஒரு பாகத்துக்கு ரெசினையும் ஹார்ட்னரையும் நான்கு நாள் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். குற்றவாளி துடைத்த துணிதான். இப்போது துடைத்த பிறகு பத்து நிமிடம் விட்டுத்தான் பூசுகிறோம்.

ஹார்ட்னர் என்றதும் நினைவு வருகிறது. பாலியெஸ்டர் ரெசினைக் கெட்டியாக்கும் அந்தத் திரவம் ஒரு பெராக்சைடு. அது கெட்டியாகத் தெரிகிறதே, கொஞ்சம் அசிட்டோன் விட்டு நீர்க்கச் செய்வோம் என்று நினைத்தாலே கை நடுங்க வேண்டும். வெடிக்கும். ஹார்ட்னர் வைக்கும் அலமாரியும் அசிட்டோன் வைக்கும் இடமும் ஒன்றாக இருக்கவே கூடாது. ஆய்வகத்தில் நைட்ரிக் அமிலக் கழிவுப் பாட்டிலில் அசிட்டோனை ஊற்றுவதும் இதே ரகத் தவறு. மூடிய பாட்டில் சற்று நேரம் கழித்து, ஆள் நகர்ந்த பிறகு வெடிக்கும்.

அந்தத் தீக்குப் பிறகு சில விஷயங்கள் மாறின. பிளாஸ்டிக் வாளி போய், தானாக மூடிக்கொள்ளும் மூடி வைத்த உலோக கேன் வந்தது. டிரம்மிலிருந்து கேனுக்கு ஊற்றும்போது இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்து, டிரம்மிலிருந்து தரைக்கு எர்த் ஓட்டினோம். டொலுவீன், ஹெக்ஸேன் போன்ற கரைப்பான்கள் தமக்குள் மின்னூட்டத்தைத் தேக்கும், அசிட்டோன் தேக்காது. ஆனால் தனித்து நிற்கும் இரும்பும், ரப்பர் செருப்போடு நிற்கும் ஆளும் தேக்குவார்கள். காற்றூதிகளைத் தரையிலிருந்து எடுத்து இடுப்பு உயரத் தட்டில் வைத்தோம். வெளியேற்றும் விசிறியின் வாயைச் சுவரின் அடிப்பக்கத்துக்கு இறக்கினோம். அதுவரை கூரைக்குப் பக்கத்தில் இருந்தது, கனமான ஆவியை அது எட்டிக்கூடப் பார்த்திருக்காது. சாதாரண நுரை அணைப்பானும் இங்கே உதவாது, நுரையில் உள்ள தண்ணீரை அசிட்டோன் உறிஞ்சி நுரையே சரிந்துவிடும். ஆல்கஹால் தாங்கும் ரக நுரை, இல்லையென்றால் தூள், கார்பன் டை ஆக்ஸைடு. சிந்தினால் முதலில் மின்சாதனங்கள் பக்கம் போகாதே, சுவிட்சை அமுக்காதே, கதவைத் திற, உறிஞ்சும் மணலைப் போடு. துணிகளுக்கு மூடி வைத்த உலோகத் தொட்டி.

மூத்த லேமினேட்டருக்கு மட்டும் நான் தோற்றுப்போனேன். பியூட்டைல் கையுறை வாங்கி வைத்தேன், கிரீம் வைத்தேன். "பழகிப்போச்சும்மா" என்பார். கையில் ஒட்டிய ரெசினை அசிட்டோனில் கழுவுவது தோலின் எண்ணெயை வழித்து எடுத்துவிடும், வெடித்த தோல் வழியாக மற்றதெல்லாம் உள்ளே போகும் என்று பலமுறை சொல்லியாயிற்று. ஓய்வு பெறும் வரை வெறுங்கைதான்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு நான் பிரஷ் கழுவும் இடத்தைக் காட்டிவிட்டு, வேறு வேலையாகப் போய் ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினேன். வாசலில் கால் வைத்ததுமே மூக்கு உறுத்தியது. கேனின் மூடி முட்டுக் கொடுத்துத் திறந்தே கிடந்தது. அவள் அதே இடத்தில் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தாள்.

"மூடி திறந்திருக்கு பாரு, வாசம் வரலையா?"

"இல்லையே அக்கா. காலைல வந்தப்போ இருந்துச்சு. அப்புறம் போயிடுச்சு."

"போகலை. உன் மூக்குதான் போயிருச்சு. மூடிட்டு, பத்து நிமிஷம் வெளில நின்னுட்டு வா. அப்புறம் சொல்லு."

போனாள். பத்து நிமிடம் கழித்து வாசல் வரை வந்தவள் அங்கேயே நின்று, கழுத்துத் துணியை மூக்குக்கு ஏற்றிக்கொண்டாள்.